முனியப்பனும் மான்டிகோ பே வாடகைக் காரும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் சரோஜா, ஜெர்சி சிட்டியில ஜர்னல் ஸ்கொயர் பக்கத்துல குடியிருக்கறோம். பஜனை முடிஞ்சு பிரசாதம் குடுக்கறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் தன் அனுபவத்தைச் சொல்றது இந்த பேஸ்மென்ட்ல வழக்கம். போன மாசமே என்னைத்தான் கேட்டாங்க. கேட்டுட்டு, "சரோஜா, முனியப்பன்னு சொல்லாதீங்க, பிள்ளையார்னு சொல்லிடுங்க, கேக்கறவங்களுக்கு நல்லா இருக்கும்"னும் சொன்னாங்க. அப்படின்னா நான் வரலைன்னு வீட்லயே இருந்துட்டேன். பிள்ளையார் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா அன்னிக்கு நான் கூப்பிட்டது முனியப்பனை. கூப்பிட்டதுக்கு வந்த சாமி பேரை மறைச்சு இன்னொரு சாமி பேரைச் சொல்ல எனக்கு வாய் வராதுங்க. இந்த மாசம் சரி உங்க இஷ்டம்னு விட்டுட்டாங்க, வந்துட்டேன்.

எண்பத்தாறு மே மாசம். எங்க வீட்டுக்காரருக்கு மன்ஹாட்டன்ல ஒரு பேங்க்ல கம்ப்யூட்டர் வேலை. அதுக்கு முன்னாடி வேற இடத்துல இருந்தார். வேலை மாறினதுல விசா வகையே மாறிடுச்சு. நாட்டை விட்டு வெளிய போய், அங்க இருக்கற அமெரிக்கத் தூதரகத்துல புது முத்திரை வாங்கிட்டுத் திரும்பி வந்தாத்தான் செல்லும்னு வக்கீல் சொல்லிட்டார். ஊருக்குப் போய்ட்டு வர அளவுக்கு லீவு இல்லை. ஜமைக்காவுல, கிங்ஸ்டன்ல அப்பாயின்ட்மென்ட் கிடைச்சுது. ரெண்டு பேரும் நேர்ல போகணும்.

எங்க பொண்ணு கவிதாவுக்கு அப்ப அஞ்சு வயசு. இங்கயே பொறந்தவ. அவளுக்கு பாஸ்போர்ட் எழுதிப் போட்டு இன்னும் வரலை. அதனால அவளை விட்டுட்டுத்தான் போகணும். முத்திரை குத்த மாட்டேன்னு அந்த ஆபீசர் ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா நாங்க ரெண்டு பேரும் அமெரிக்காவுக்குள்ள காலை வைக்க முடியாது. புள்ளை உள்ள, பெத்தவங்க வெளிய. நெனச்சுப் பாருங்க. பத்து நாளா எனக்குச் சோறு எறங்கலை. மன்ஹாட்டன் போற பாத் ட்ரெயின்ல உக்காந்து, யார் பாத்தா என்னன்னு அழுதிருக்கேன். "எப்படித்தான் உனக்கு மனசு வந்துச்சோ"ன்னு போன்ல கேட்டவங்க இந்த ரூம்லயே இருக்காங்க. அவங்க பேரை நான் சொல்லலை.

எங்க பில்டிங்ல மேல் மாடியில ரஞ்சி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரங்க, வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. அவங்கதான் வந்து, "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பிள்ளையை நான் பாப்பன். போயிட்டு வாங்கோ"ன்னு கவிதாவைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டாங்க. அவங்க அவங்க சாமியைக் கும்பிட்டாங்க. நான் என் சாமியைக் கும்பிட்டேன். "முனியப்பா, எங்களை எம்புள்ளைகிட்டத் திரும்பிக் கொண்டு வந்து சேத்துடு, உனக்குக் கிடா வெட்டறேன்." என்னோட வேண்டுதல் அவ்வளவுதான்.

முனியப்பன் யாருன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். எங்கப்பா சங்ககிரியில லாரி ஓட்டறவர், ரெண்டு லாரி சொந்தமா இருந்துச்சு. எங்க பக்கம் லாரிக்காரங்களுக்கெல்லாம் அவர்தான் சாமி. பெரிய மீசை, உருட்டின கண்ணு, கையில அருவா. ரோட்டோரமா உக்காந்துக்கிட்டு வண்டியோட்டிகளைப் பாத்துக்குவார். பொங்கல் வைக்கணும், கிடா வெட்டணும், சுருட்டு வைக்கணும். இதைக் கேட்டு முகம் சுளிக்கறவங்க தாராளமா சுளிச்சுக்கங்க.

வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைக்கறது உங்க எல்லாருக்கும் தெரியும். இங்க புது கார் வாங்கினா நீங்களும் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போய் வைக்கறீங்க. ஆனா எங்க வீட்ல புது வண்டிக்கு மட்டும் இல்லை, லோடு ஏத்திக் கிளம்பற ஒவ்வொரு தடவையும் வைக்கணும். ஸ்கூல் படிக்கற காலத்துல இருந்து பழம் வைக்கறது என் வேலை. குத்த வெச்சு உக்காந்து, பழத்தை வெச்சு, டயருக்கு உள்பக்கமா ஒரு பார்வை பாத்துட்டு எந்திரிக்கணும். பாக்காம எந்திரிச்சா எங்கப்பா மறுபடி உக்காரச் சொல்லுவார்.

ஜமைக்காவுக்கு வர்றேன். கிங்ஸ்டனுக்கு நேரா டிக்கெட் கிடைக்கலை. தீவோட இன்னொரு கோடியில மான்டிகோ பேன்னு ஒரு ஊர், கடற்கரைக்கு டூரிஸ்ட் வந்து எறங்கற இடம். அங்க போய், ஒரு கார் வாடகைக்கு எடுத்து, மலை தாண்டி கிங்ஸ்டன் போகணும். நாலு மணி நேரம். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தைரியம். "நம்ம ஊர் மாதிரியே லெஃப்ட்ல ஓட்டற நாடு, நமக்கு என்ன கஷ்டம்"னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தார். ஊர்ல அவர் ஓட்டினது சைக்கிள். கார் ஓட்டக் கத்துக்கிட்டதே ஜெர்சி சிட்டி ட்ரைவிங் ஸ்கூல்ல, அதுவும் ஆட்டோமேட்டிக். நம்மாளுங்க இந்தியால இருந்து வந்தாலே லெஃப்ட்ல ஓட்டறது ரத்தத்துலயே இருக்கும்னு நெனச்சுக்கறாங்க.

ஃப்ளைட் லேட். சாயங்காலம் போய்ச் சேந்தா கார் குடுக்கற ஆபீஸ் பூட்டிக் கிடக்கு. மறுநாள் ஒரு மணிக்குள்ள தூதரகத்துல நிக்கணும், ஒரு மணிக்கு மேல ஆளை உள்ள விட மாட்டாங்க. காலையில ஏழு மணிக்கெல்லாம் ஆபீஸ் வாசல்ல போய் நின்னோம். வின்ஸ்டன்னு ஒருத்தர், அம்பது வயசு இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, வந்து திறந்தார். வெள்ளைக் கலர் கார், ஆட்டோமேட்டிக், பளபளன்னு கழுவி வெச்சிருந்தார். எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுட்டு இருக்கும்போது நான் ரோட்டைத் தாண்டி, பழக்கடை போட்டிருந்த ஒரு அம்மாகிட்ட நாலு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்துட்டேன். சின்னதா, பச்சையா இருந்துச்சு. பச்சையா இருந்தா என்ன, எலுமிச்சைதானே. ஹேண்ட்பேக்ல கற்பூரமும் தீப்பெட்டியும் இருந்துச்சு.

நான் பழத்தோட வர்றதைப் பாத்ததுமே இவருக்கு முகம் மாறிடுச்சு. "சரோஜா, இது வாடகைக் கார். நம்ம கார் இல்லை. மானத்தை வாங்காதே. டைம் இல்லை"ன்னார்.

"வாடகைக் கார்ல உக்காரப் போறது நம்ம உசுருதானுங்க"ன்னேன்.

கற்பூரத்தைப் பத்த வெச்சதும் வின்ஸ்டன் ஓடி வந்தார். பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்துல நெருப்பு வைக்கற இந்தப் பொம்பளை யாருன்னு அவர் இங்கிலீஷ்ல கத்த, இவர் ஸாரி ஸாரின்னு கெஞ்ச, நான் பாட்டுக்குச் சுத்தி முடிச்சு கற்பூரத்தைத் தள்ளி வெச்சுட்டு டயர்கிட்ட உக்காந்தேன். ரெண்டு ஆம்பளைங்களும் என் தலைக்கு மேல நின்னு வாட்ச்சைப் பாத்துட்டு இருந்தாங்க. பின்னாடி ரெண்டுக்கும் வெச்சேன். முன்னாடி வலது பக்கம் வெச்சேன். இடது பக்கம் வெச்சுட்டு, பழக்க தோஷம், உள்பக்கமாப் பாத்தேன்.

டயருக்கு உள்பக்கம் ஈரமா இருந்துச்சு. வண்டி கழுவின தண்ணியா இருக்கும்னு விரலை வெச்சுத் தொட்டேன். தண்ணி இல்லை, வழுவழுன்னு இருந்துச்சு. மோந்து பாத்தேன். லாரி ஷெட்ல வளந்தவளுக்கு அந்த வாசம் மறக்காது. பிரேக் ஆயில். எந்திரிச்சுப் போய் டிரைவர் சீட்டுல உக்காந்து பிரேக்கை மிதிச்சேன். மெதுவா, மெதுவா, பெடல் அப்படியே தரை வரைக்கும் போயிடுச்சு.

வின்ஸ்டன் தானே மிதிச்சுப் பாத்தார். அப்புறம் எறங்கி வந்து தொப்பியைக் கழட்டினார். முந்தின நாள் யாரோ மலைப் பக்கம் ஓட்டிட்டுப் போய் திருப்பிக் குடுத்த வண்டியாம். எங்க வீட்டுக்காரர் என் விரலையே பாத்துட்டு இருந்தார்.

இந்த இடத்துல உங்கள்ல சில பேர் என்ன நெனக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். ஏன்னா இவரும் அதையேதான் இன்னிக்கு வரைக்கும் சொல்றார். "நீ குனிஞ்சே, அதனால பாத்தே. இதுல சாமி எங்க வந்துச்சு?" சரிங்க. இவர் இன்ஜினியர். வின்ஸ்டன் இருபது வருஷமா கார் குடுக்கறவர். ரெண்டு பேரும் குனியலை. என்னைக் குனிய வெச்சது யாரு?

ஆனா அதோட முடியலை. மணி எட்டு. வேற ஆட்டோமேட்டிக் கார் இல்லை, எல்லாம் வெளிய போயிருக்கு. அன்னிக்குப் பாத்து ஒரு பெரிய டூரிஸ்ட் கப்பல் வந்து நின்னிருக்கு, ஊர்ல இருக்கற டாக்ஸி எல்லாம் அங்க போயிடுச்சு. மினி பஸ் ஆள் நிறைஞ்சாத்தான் கிளம்புமாம், எப்ப நிறையும்னு யாருக்கும் தெரியாது. ஆபீஸ் வேலைக்கு வெச்சிருந்த ஒரு பழைய நீலக் கார் மட்டும் பின்னாடி நின்னுச்சு. அது கியர் வண்டி. இவருக்கு கியர் ஓட்டத் தெரியாது. இவர் ஒரு ஓரமாப் போய் உக்காந்து தலையில கை வெச்சுக்கிட்டார். "போச்சு சரோஜா, எல்லாம் போச்சு"ன்னார். அவர் அப்படி உடைஞ்சு நான் பாத்ததே இல்லை.

நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். முனியப்பா, யாராவது ஒரு டிரைவரை அனுப்புன்னேன். கண்ணைத் திறந்தேன், யாரும் வரலை. மறுபடியும் கும்பிட்டேன். ஒரு ஆடு ரோட்டைத் தாண்டிப் போச்சு. பத்து நிமிஷம் ஆயிடுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். சாமிகிட்ட இப்படிப் பேசலாமான்னு கேக்காதீங்க, நான் பேசினேன். "என்ன சாமி நீ? பிரேக்கைக் காட்டத் தெரியுது, ஒரு டிரைவரைக் காட்டத் தெரியலையா? எம்புள்ளை அங்க ஒத்தையில உக்காந்திருக்கா. எங்கப்பன் உனக்கு வெட்டின கிடாவெல்லாம் தின்னுட்டு இப்பத் தூங்கறியா? எழுந்து வா." வாய் விட்டே திட்டினேன். தமிழ்ல திட்டினதால வின்ஸ்டனுக்குப் புரியலை. எங்க வீட்டுக்காரருக்குப் புரிஞ்சுது.

திட்டிட்டு, கோவத்துல அந்த நீலக் கார் கதவைத் திறந்து உள்ள உக்காந்தேன். எதுக்கு உக்காந்தேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. வலது பக்கம் ஸ்டியரிங், இடது கைக்கு கியர். பதினேழு வயசுல எங்க ஷெட்டுல லாரியை முன்னாடி பின்னாடி எடுத்து நிறுத்தறதே நான்தான். காலையில டீசல் போட பங்க் வரைக்கும்கூட ஓட்டியிருக்கேன். கல்யாணத்துக்கு அப்புறம் அதைப் பத்தி வாயே திறக்கலை, பொண்ணு லாரி ஓட்டினான்னு தெரிஞ்சா மாமியார் வீட்ல என்ன நெனப்பாங்கன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. ஜெர்சியில லைசென்ஸ் எடுத்து வெச்சிருந்தேன், ஆனா எங்ககிட்ட கார் கிடையாது, ஓட்டினதும் கிடையாது. கையைக் கியர் மேல வெச்சதும் அழுகை வந்துடுச்சு. டிரைவரை முனியப்பன் ஏற்கெனவே அனுப்பிட்டான்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

"ஏனுங்க, ஏறுங்க"ன்னேன்.

"நீயா?"ன்னார்.

"உங்களுக்கு வேற ஆள் தெரிஞ்சா கூப்பிடுங்க"ன்னேன்.

என் லைசென்ஸைப் பாத்து வின்ஸ்டன் பேப்பரை மாத்தி எழுதினார். நசுங்காம இருந்த அந்த நாலு பழத்தையும் எடுத்து இந்த வண்டிக்கு வெச்சேன். இந்தத் தடவை ரெண்டு பழம் வின்ஸ்டனே வெச்சார். வெச்சுட்டு அவரும் உள்பக்கமாக் குனிஞ்சு பாத்தார். நாலு டயரும் காய்ஞ்சு இருந்துச்சு. பிரேக் கல்லு மாதிரி நின்னுச்சு. ரெண்டு தடவை வண்டி ஆஃப் ஆச்சு. மூணாவது தடவை நாலு பழமும் நசுங்க வண்டி ரோடு ஏறிடுச்சு. அப்ப மணி எட்டரை தாண்டியிருக்கும்.

கடலோரமா ரெண்டு மணி நேரம். ரோடு பூரா குழி. ஆடு, மாடு, ஸ்கூலுக்குப் போற புள்ளைங்க. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து "லெஃப்ட், லெஃப்ட்"னு ஜபம் பண்ணிட்டே வந்தார். ஒரு ரவுண்டானாவுல அவரே அமெரிக்க ஞாபகத்துல "ரைட்ல போ"ன்னுட்டார். நான் கேக்கலை. கேட்டிருந்தா எதிர்ல வந்த கரும்பு லாரி எங்களை அரைச்சிருக்கும். அந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சான், நானும் அடிச்சேன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சுத்தான் அங்க போகணும், எங்க ஊர்லயும் அப்படித்தான். அப்புறம் மலை. ரெண்டு பக்கமும் செடி மூடி, பகல்லயே இருட்டா இருக்கற ஒரு கணவாய். அதைத் தாண்டி இன்னொரு மலை, அதுக்குப் பேரே பிசாசு மலையாம். பேரைப் படிச்சுட்டு இவர் என்னைப் பாத்தார். "எங்க சாமிக்கும் பிசாசுக்கும் நல்லா பழக்கம்தான், பயப்படாதீங்க"ன்னேன்.

அதுக்கப்புறம் எறக்கம். ஏறின கியர்லயே எறங்கணும்கறது லாரிக்காரங்க பாடம், அதனால ரெண்டாவது கியர்லயே உறும விட்டு எறக்கினேன். வளைஞ்சு வளைஞ்சு கீழ போற ரோடு, ஓரத்துல தடுப்பு இல்லை, கீழ பாத்தா மரத்தோட தலை தெரியுது. அந்த வெள்ளைக் காரை நெனச்சேன். கியர் தெரியாத மனுஷன், பிரேக் இல்லாத வண்டி, இந்த எறக்கம். கவிதாவை யாரு வளத்திருப்பாங்க? இவரும் அதையேதான் நெனச்சிருக்கணும். என் தோள் மேல கை வெச்சார். ஓட்டறப்ப தொடாதீங்கன்னு சொல்லிட்டேன்.

கைப்பிடிச் சுவரே இல்லாத ஒரு பாலம் தாண்டி, கிங்ஸ்டன் ட்ராஃபிக்ல முட்டி மோதி, தூதரகத்து வாசல்ல நிறுத்தறப்ப மணி பன்னெண்டு அம்பது. உள்ள விட்டாங்க.

ஆபீசர் சின்ன வயசுக்காரர். இவர்கிட்ட நாலு கேள்வி கேட்டார். அப்புறம் என்னைப் பாத்து, புள்ளைங்க இருக்கான்னார். அமெரிக்காவுல புள்ளை இருக்குன்னு தெரிஞ்சா, இவங்க திரும்ப ஊருக்குப் போக மாட்டாங்கன்னு சந்தேகப்படுவாங்க, நீங்களா பேச்சை எடுக்காதீங்கன்னு ஆளுக்கு ஆள் எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. இவர் என் காலை மிதிச்சார். அவ்வளவு தூரம் கொண்டு வந்து விட்ட சாமி முன்னாடி எம்புள்ளையை இல்லைன்னு சொல்ல முடியுமா? "இருக்கா. அஞ்சு வயசு. ஜெர்சி சிட்டியில பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்கறாங்க. நான் போய்த்தான் அவளுக்குத் தலை வாரணும்"னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். அவர் ஃபைலை மூடினார். நாலு மணிக்கு வாங்கன்னார்.

அந்த மூணு மணி நேரம் வாசல்ல ஒரு மரத்தடியில நின்னோம். ஏன் சொன்னேன்னு இவர் கேக்கலை. நாலு மணிக்கு ஜன்னல் வழியா ரெண்டு பாஸ்போர்ட் நீட்டினாங்க. ரெண்டுலயும் முத்திரை இருந்துச்சு. மூணு நாள் கழிச்சு ரஞ்சி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். கவிதா வந்து, "அம்மா, யூ ஸ்மெல் லைக் அ கார்"ன்னா. அவளைக் கட்டிக்கிட்டு அந்த வாசப்படியிலயே உக்காந்துட்டேன்.

சங்ககிரியில எங்கப்பா கிடா வெட்டி வேண்டுதலை முடிச்சுட்டார். முனியப்பா, உனக்குக் கோடி நமஸ்காரம். நான் திட்டினதை மனசுல வெச்சுக்காதே. வெச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, மறுபடி தேவைன்னா மறுபடியும் திட்டுவேன், நீ மறுபடியும் வா.

அதுக்கப்புறம் நாங்க ஒரு பழைய கியர் வண்டி வாங்கினோம். ஓட்டறது நான்தான். "எலுமிச்சம்பழ ஆன்ட்டி"ன்னு இங்க சில பேர் சிரிக்கறது எனக்குக் காதுல விழுது. சிரிங்க. ஆனா இந்த ரூம்ல பன்னெண்டு பொம்பளைங்க இருக்கோம், ஓட்டத் தெரிஞ்சவங்க மூணு பேரு. மிச்சப் பேர் புள்ளைக்கு ஜுரம்னா வீட்டுக்காரர் ட்ரெயின் புடிச்சு வர்ற வரைக்கும் ஜன்னலைப் பாத்து நிக்கறீங்க. நின்னுக்கிட்டு, சாமி யாரையாவது அனுப்புன்னு வேண்டறீங்க. நானும் அப்படித்தான் வேண்டினேன்.

வேண்டுங்க, வேண்டாம்னு சொல்லலை. உங்க சாமி யாரோ அவங்களைக் கூப்பிடுங்க, அழுது கூப்பிடுங்க, சண்டை போட்டுக் கூப்பிடுங்க, கட்டாயம் வருவாங்க. அதுக்கு நான் சாட்சி. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஜர்னல் ஸ்கொயர் பாத் ஸ்டேஷன் வாசல்ல என் வண்டியோட நிப்பேன். கத்துக்கணும்கறவங்க வாங்க. வீட்ல கேட்டுட்டு வர்றேன்னு யாரும் சொல்லாதீங்க. வந்து ஓட்டிட்டு, அப்புறம் வீட்ல போய்ச் சொல்லுங்க.